அனுமதிக்கும் திறப்புக்கும் இடையே ஒன்பது நாள்: 2020 மே மாதத்தில் பினாங்கு எடுத்த முடிவு

2020ஆம் ஆண்டு மே முதல் நாள், வெள்ளிக்கிழமை. தொழிலாளர் தின உரையாற்றிய அன்றைய மலேசியப் பிரதமர் முகிதீன் யாசின், கோவிட்-19 தொற்றைத் தடுக்க மார்ச் 18 முதல் நடப்பிலிருந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தளர்த்தப்படுவதாகவும், மே 4, திங்கட்கிழமை முதல் பெரும்பாலான தொழில்கள் நிபந்தனைகளுடன் இயங்கலாம் என்றும் அறிவித்தார். மூடிக்கிடக்கும் ஒவ்வொரு நாளும் நாட்டுக்கு 240 கோடி ரிங்கிட் இழப்பு ஏற்படுகிறது, அதுவரை சேர்ந்த இழப்பு 6,300 கோடி ரிங்கிட், இன்னும் ஒரு மாதம் நீடித்தால் அதனுடன் மேலும் 3,500 கோடி சேரும் என்பது அவர் முன்வைத்த கணக்கு. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே இருந்தவை ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மட்டுமே.

அந்த இரண்டு நாள்களுக்குள் நடந்ததும், அதற்குப் பின் பினாங்கு மாநில அரசு தன் தொழில்களுக்குக் கொடுத்த ஒன்பது நாள் அவகாசமுமே இந்த ஆய்வின் மையம். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலும் அதைச் சுற்றியும் உள்ள சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பது என் தொழில். ஆகவே பெருந்தொழில்களைவிட உணவகங்கள், முடிதிருத்தகங்கள், துணிக்கடைகள், நாணய மாற்றுக் கடைகள் ஆகியவற்றின் பக்கமே என் பார்வை சாய்ந்திருக்கும். அதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

மாநிலங்கள் ஏன் தயங்கின

மே 1 அன்று நாட்டில் பதிவான புதிய தொற்றுகள் 69. மறுநாள் 105, அதற்கடுத்த நாள் 122. தளர்வு தொடங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களில் எண்ணிக்கை ஏறுமுகமாக இருந்தது மக்களைக் கலங்கச் செய்தது. முடிவைத் திரும்பப் பெறக் கோரி இணையத்தில் தொடங்கப்பட்ட மனுவில் ஓரிரு நாள்களிலேயே 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். திங்கட்கிழமை விடிவதற்குள் கெடா, கிளந்தான், பகாங், சபா, சரவாக் ஆகிய மாநிலங்கள் தளர்வை ஒத்திவைப்பதாகவோ முழுமையாக ஏற்பதற்கில்லை என்றோ கூறிவிட்டன. சிலாங்கூர் தளர்வை ஏற்றபோதிலும், உணவகங்களில் அமர்ந்து உண்பதை அனுமதிக்கவில்லை.

இதைக் கட்சி அரசியல் என்று ஒதுக்கியவர்கள் அன்று பலர் இருந்தனர். பட்டியலைச் சற்று நிதானமாகப் படித்தால் அந்த விளக்கம் நிற்காது. சிலாங்கூரும் பினாங்கும் கூட்டரசில் எதிரணியாக இருந்த கட்சிகளின் ஆட்சியில் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் கிளந்தானை ஆண்ட பாஸ் கட்சியும், பகாங்கை ஆண்ட தேசிய முன்னணியும், சரவாக்கை ஆண்ட கூட்டணியும் பிரதமரைத் தாங்கிநின்ற தரப்பைச் சேர்ந்தவை. கூட்டரசின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் ஒரே மேசையில் அமர்ந்தவர்கள் தத்தம் மாநிலத்துக்குத் திரும்பியதும் வேறு முடிவு எடுத்தனர் என்றால், கட்சியைவிட வலுவான ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். என் மதிப்பீட்டில் அது இதுதான்: திறப்பதால் வரும் நன்மை நாட்டின் பொருளாதாரக் கணக்கில் ஏறும், திறந்தபின் ஒரு சந்தையிலோ உணவகத்திலோ தொற்றுத் திரள் உருவானால் அதன் சுமை முதலில் அந்த ஊரின் மருத்துவமனைமீதும், அந்த மாநிலத்தின் முதலமைச்சர்மீதும் விழும். ஆதாயத்தை எழுதும் ஏடு ஒன்று, நட்டத்தை எழுதும் ஏடு வேறொன்று.

பினாங்கு முதலமைச்சர் சாவ் கொன் இயோவ் நேரடியாக மறுக்கவில்லை. மூன்று கட்டங்கள் கொண்ட மீட்சித் திட்டம் ஒன்றை அறிவித்தார். மே 4 முதல் 7 வரை முதற்கட்டம், மே 8 முதல் 12 வரை இரண்டாம் கட்டம், மே 13 முதல் மூன்றாம் கட்டம் என அது பிரிக்கப்பட்டது. கூட்டரசு ஒரே நாளில் திறந்த கதவைப் பினாங்கு ஒன்பது நாளில் படிப்படியாகத் திறந்தது.

அதிகாரம் யாரிடம் இருந்தது

மாநிலங்களின் தயக்கத்துக்கு எதிராகக் கூட்டரசின் மறுமொழி சட்டத்தின் வழியாக வந்தது. அனைத்துலக வாணிப, தொழில்துறை அமைச்சராக இருந்த அஸ்மின் அலி, தளர்வு 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அரசிதழில் வெளியிடப்பட்டது என்றும், அதை மறுக்கும் மாநிலங்கள்மீது தொழில் நிறுவனங்கள் வழக்குத் தொடுக்கும் வாய்ப்பு உண்டு என்றும் எச்சரித்தார்.

மலேசிய அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. மருத்துவமும் சுகாதாரமும் கூட்டரசுப் பட்டியலில் உள்ளன. பொதுச் சுகாதாரமும் நோய்த்தடுப்பும் இரு தரப்புக்கும் பொதுவான பட்டியலில் உள்ளன. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கூட்டரசுச் சட்டமும் மாநிலச் சட்டமும் முரண்பட்டால் கூட்டரசுச் சட்டமே மேலோங்கும் என்று 75ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே ஏட்டளவில் அஸ்மின் அலியின் வாதத்துக்கு வலு இருந்தது. ஆனால் ஒரு கடையைத் திறக்கத் தேவைப்படுவது அரசிதழ் மட்டும் அன்று. வணிக உரிமம் கொடுப்பது நகராண்மைக் கழகம். சந்தைக் கட்டடமும் அங்காடி நிலையமும் அதன் உடைமை. நடைபாதையில் மேசை போடலாமா, கூடாதா என்று முடிவு செய்வதும் அதுவே. பினாங்குத் தீவு மாநகராட்சியும் செபராங் பிறை மாநகராட்சியும் மாநில அரசின் கீழ் இயங்குபவை. கூட்டரசு தொழிலை அனுமதித்தது. தொழில் நடக்கும் தரையோ மாநிலத்தின் கையில் இருந்தது. எந்த மாநிலத்தின்மீதும் வழக்கு வரவில்லை என்பதே அந்த எச்சரிக்கையின் நடைமுறைப் பெறுமதியைக் காட்டிவிட்டது.

கோலாலம்பூரின் நிலை வேறு. அது கூட்டரசுப் பிரதேசம். இடையில் நின்று தாமதப்படுத்த மாநில அரசு என்று ஒன்று அங்கு இல்லை. மே 4 முதல் அங்கே பெரும்பாலான கடைகளைத் திறக்கச் சட்டப்படி தடை இல்லை. ஆயினும் பல உணவகங்கள் மேசைகளை அடுக்கியே வைத்திருந்து பொட்டலம் மட்டும் விற்றன. மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் ஆகிய அடுக்ககங்கள் தொற்றுப் பரவலால் ஏப்ரல் 7 முதல் முள்கம்பி வேலிக்குள் இருந்தன. அங்கே வாழ்ந்தவர்களிலும் கீழ்த்தளங்களில் கடை வைத்திருந்தவர்களிலும் தமிழர்கள் கணிசமானோர். அனுமதி வந்த நாளில் அத்தெருவில் வாடிக்கையாளர் இல்லை, வேலையாளும் இல்லை. தடுப்பதற்கு மாநில அரசு இல்லாத இடத்திலும் கடைகள் தாமாகவே தாமதித்தன என்பது பினாங்கின் முடிவை மதிப்பிடுவதற்கு மிகவும் உதவும் ஒப்பீடு.

ஒரு நாசி கண்டார் கடையின் கணக்கு

இந்த ஆய்வில் நான் அதிகம் தங்க விரும்பும் இடம் இது. ஏனெனில் திறப்பதா, வேண்டாமா என்ற முடிவு அமைச்சரவையில் எடுக்கப்படுவதாகத் தோன்றினாலும், அதன் கடைசிப் பகுதி கல்லாப்பெட்டியின் முன்னால்தான் எடுக்கப்படுகிறது.

சோற்றுடன் பல வகைக் குழம்பும் கறியும் பரிமாறும் நாசி கண்டார் கடை மற்ற உணவகங்களைப் போன்றதன்று. வந்தவர் கேட்டபின் சமைக்கும் கடையாக இருந்தால், கூட்டம் குறையும் நாளில் செலவும் ஓரளவு குறையும். இங்கோ குழம்பின் அளவு விடியுமுன்பே முடிவாகிவிடுகிறது. மீன்தலைக் கறி, கோழிப் பொரியல், ஆட்டிறைச்சி, கணவாய், வெண்டைக்காய் என அத்தனையும் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே சட்டியில் இருந்தாக வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்பதைப் பல ஆண்டுப் பழக்கத்தால் சரியாகக் கணிப்பதே அத்தொழிலின் இலாபம். ஏழு வாரம் அடைத்துக் கிடந்த ஊரில் அந்தப் பழக்கக் கணிப்பு பயன்படாது. முதல் நாள் அதிகமாக ஆக்கினால் மிச்சம் குப்பைக்குப் போகும். குறைவாக ஆக்கினால் வந்தவர் திரும்பிப்போவார்.

அடுத்தது இடைவெளி. ஓர் எடுத்துக்காட்டாக, பத்து மேசையும் மேசைக்கு நால்வருமாக நாற்பது பேர் அமரும் கடையைக் கொள்வோம். இடைவெளி விதிக்காகப் பாதி மேசைகளை எடுத்துவிட்டு, மிஞ்சிய மேசைக்கு இருவர் என்று வைத்தால் பத்துப் பேர். வாடகையும் குளிர்பெட்டியின் மின்சாரமும் நாற்பது பேருக்கானவை. வாசலில் உடல் வெப்பம் பார்க்கவும், பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஏட்டில் எழுதிக்கொள்ளவும், மேசையைத் துடைத்துக்கொண்டே இருக்கவும் கூடுதலாக ஓர் ஆள் வேண்டும். பொட்டலம் விற்பதோடு நிறுத்தினால் இந்தச் செலவு எதுவும் இல்லை. ஆக, அமர்ந்து உண்ண அனுமதி கிடைத்த முதல் வாரத்தில் அதைப் பயன்படுத்தாத கடைக்காரர் பயந்தவர் அல்லர், கணக்குத் தெரிந்தவர்.

மூன்றாவது காரணம் நாள்காட்டியில் இருந்தது. அவ்வாண்டு ரமலான் நோன்பு ஏப்ரல் 24 அன்று தொடங்கியிருந்தது. நோன்புப் பெருநாள் மே 24. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளில் அந்த மாதத்தில் பகல் நேரத்தில் அமர்ந்து உண்ண வருவோர் எப்போதும் குறைவு. வழக்கமாக அந்த இழப்பை ஈடுகட்டும் ரமலான் சந்தைகள் அவ்வாண்டு இல்லை. மே 4 என்ற தேதியைத் தேர்ந்தவர்கள் இதை எண்ணிப்பார்த்தார்களா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நோன்புக் காலத்தில் பினாங்கு ஒன்பது நாள் காத்திருந்ததால் அத்தகைய கடைகளுக்கு ஏற்பட்ட இழப்பு, வேறெந்த மாதத்திலும் ஏற்பட்டிருக்கக்கூடியதைவிடச் சிறியதே. இந்து உணவகங்களுக்கு அந்த ஆறுதல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நான்காவது காரணம் வேலையாள். ஏப்ரல் 6 அன்று விரிவாக்கப்பட்ட ஊதிய மானியத் திட்டத்தின்படி, 75 பேர்வரை வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்துக்கு ஓர் ஊழியருக்கு மாதம் 1,200 ரிங்கிட் கிடைத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் அது மாதம் 4,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் ஊதியம் பெறும் உள்நாட்டு ஊழியருக்கு மட்டுமே உரியது. தமிழர் நடத்தும் உணவகங்களிலும் முடிதிருத்தகங்களிலும் சமையற்கட்டிலும் நாற்காலிக்குப் பின்னாலும் நிற்பவர்களில் பெரும் பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர்கள். முதலாளியும் அவர் மனைவியும் மகனும் கடையில் உழைத்தாலும், சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிவில்லாத குடும்ப உழைப்புக்கு மானியம் இல்லை. விண்ணப்பப் படிவத்தை நிரப்ப அமர்ந்தபோது எழுதுவதற்கு ஒரு பெயர்கூட இல்லாமல் எழுந்துபோன கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். இதற்கிடையே மே முதல் வாரத்தில், வெளிநாட்டு ஊழியர்கள் தொற்றுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது. மூடியிருந்தபோது உதவி இல்லை. திறக்கும்போது புதிய செலவு. இப்படிப்பட்ட கடைக்கு ‘நாளை மறுநாள் திறக்கலாம்’ என்ற செய்தி வரம் ஆகாது.

ஒன்பது நாள் யாருக்குப் பயன்பட்டது

பினாங்கின் அவகாசத்தைப் புகழ்பவர்கள் அதன் எச்சரிக்கையைப் புகழ்கிறார்கள். நோய்ப்பரவல் நோக்கில் ஒன்பது நாள் என்பது பெரிய இடைவெளி அன்று. தொற்றியவருக்கு அறிகுறி தெரிவதற்கே 14 நாள்வரை ஆகலாம் என்பதுதான் தனிமைப்படுத்தலின் அடிப்படையாக இருந்தது. அந்த ஒன்பது நாளில் புதிய மருத்துவத் தகவல் எதுவும் மாநில அரசுக்குக் கிடைத்திருக்க முடியாது. அவகாசத்தின் உண்மையான பயன் வேறு: விதிகள் என்ன என்று தெரிந்துகொள்ளவும், அவற்றுக்கு ஏற்பக் கடையை மாற்றவும் அது நேரம் கொடுத்தது. மாநில அரசு பிஜி கேர் என்ற தொடர்பறியும் செயலியை அம்மாதத்தில்தான் கொண்டுவந்தது. வாசலில் ஒட்டும் குறியீட்டைப் பதிந்து பெறவும், தரையில் இடைவெளிக் கோடு போடவும், வெப்பமானி வாங்கவும் நாள்கள் தேவைப்பட்டன. வெப்பமானிகள் தட்டுப்பாடாக இருந்த காலம் அது.

செயலிகளைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகலாம். சிலாங்கூர் செலங்கா என்ற செயலியையும், பினாங்கு பிஜி கேரையும், கூட்டரசு மைசெஜாத்தெராவையும் நடத்தின. ஒரு கடையின் கண்ணாடிக் கதவில் இரண்டு குறியீடுகள் ஒட்டியிருக்க, எதை வருடுவது என்று முதியவர்கள் திகைத்துநின்ற காட்சியைப் பினாங்கில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்டு மாதத்தில் மைசெஜாத்தெரா கட்டாயமான பின்னரே இது தீர்ந்தது.

அவகாசத்தின் செலவு யார்மீது விழுந்தது என்பதுதான் குறைவாகப் பேசப்பட்டது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் மின்னணுத் தொழிற்சாலைகளில் பல, அனைத்துலக வாணிப, தொழில்துறை அமைச்சின் அனுமதிக் கடிதத்துடன் கட்டுப்பாட்டுக் காலம் முழுதும் குறைந்த ஆள்பலத்தில் இயங்கின. ஏப்ரல் இறுதியில் முழு அளவில் இயங்கவும் அனுமதி பெற்றன. அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கும் இணையத்தளம் ஏப்ரல் 13 அன்று கூட்டம் தாங்காமல் முடங்கியது என்பதும் நினைவிலிருக்கலாம். எனவே மாநிலத்தின் ஒன்பது நாள் தாமதத்தால் பெருந்தொழில்கள் இழந்தது சொற்பம். இழந்தது தெருவோரக் கடை. எச்சரிக்கையின் விலையை யார் கொடுக்கிறார் என்ற கேள்வியை மாநில அரசு வெளிப்படையாக எடுத்துக்கொண்டு, அந்த ஒன்பது நாளுக்கு அங்காடிக் கடைகளைப்போலவே தனியார் கட்டட வாடகைக் கடைகளுக்கும் ஏதேனும் ஈடு கண்டிருந்தால், அந்த முடிவை நான் இன்னும் உறுதியாக ஆதரித்திருப்பேன்.

நாணய மாற்றுக் கடைகளுக்கு எந்தத் தேதியும் பொருளற்றதாக இருந்தது. தலைமுறைகளாகத் தமிழ் முஸ்லிம்கள் நடத்திவரும் அக்கடைகளின் வாடிக்கையாளர் வெளிநாட்டிலிருந்து வருபவரும் வெளிநாட்டுக்குப் போகிறவரும். எல்லை மூடியிருக்கும்வரை கதவு திறந்தென்ன, அடைத்தென்ன? மலேசியா எல்லையை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்று.

முடிதிருத்தகம்: கொடுத்துப் பறித்த அனுமதி

பினாங்கின் முடிவுக்கு முன்பே நடந்த ஒரு சிறு நிகழ்வு, தயாரிப்பில்லாத அனுமதியின் விளைவைக் காட்டியிருந்தது. ஏப்ரல் 10 அன்று கட்டுப்பாடு நீட்டிக்கப்பட்டபோது, திறக்கக்கூடிய தொழில்களின் பட்டியலில் முடிதிருத்தகங்களும் சேர்க்கப்பட்டன. ஒரு மீட்டர் இடைவெளியில் முடிவெட்டுவது எப்படி என்று நாடே கேட்டது. பொதுமக்களிடமிருந்து மட்டுமல்லாமல் அத்தொழிலில் இருந்தவர்களிடமிருந்தும் தயக்கக் குரல் எழ, சில நாள்களில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. அவை உண்மையில் திறந்தது ஜூன் 10 அன்று, கூட்டரசுக் கட்டுப்பாட்டின் அடுத்த தளர்வான மீட்சிக் கட்டம் தொடங்கியபோதுதான். இரண்டு மாத இடைவெளியில் கடைக்காரர் ஒருமுறை ஆளைக் கூப்பிட்டு, கடையைக் கழுவி, மறுபடி அடைத்தார்.

பின்னோக்கிப் பார்க்கையில்

மே 4க்குப் பின் அஞ்சியபடி உணவகங்களிலிருந்து பேரலை எழவில்லை. அன்று பதிவானவை 55. ஜூன் 4 அன்று எண்ணிக்கை 277ஆக உயர்ந்தது. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பான்மை குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த வெளிநாட்டவரிடையே கண்டறியப்பட்டவை. தளர்வு அறிவிக்கப்பட்ட அதே மே 1 அன்றுதான் கோலாலம்பூரில் வேலியிடப்பட்ட பகுதியில் ஆவணமற்ற குடியேறிகள் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டிருந்தனர். எல்லாரும் சாப்பாட்டு மேசைகளுக்கு இடையேயான தூரத்தை அளந்துகொண்டிருக்க, தொற்று நெருக்கடியான உறங்குமிடங்களில் பரவியது. அவ்வாண்டு நவம்பரில் கிள்ளான் பகுதியில் கையுறைத் தொழிற்சாலை ஊழியர்களின் தங்குமிடங்களிலும் இதுவே நடந்தது. தொழிற்சாலையின் உற்பத்திக்கூடத்துக்கு விதி எழுதினார்கள். ஊழியர் உறங்கும் அறைக்கு எழுதியது பிறகுதான்.

அப்படியானால் பினாங்கின் எச்சரிக்கை வீண் என்று சொல்லலாமா? விளைவைக் கொண்டு முடிவை அளப்பது எளிது, ஆனால் நேர்மையன்று. மே 3 அன்று 122 என்ற எண்ணை மட்டும் கையில் வைத்திருந்தவருக்கு ஜூன் மாதத்தின் எண்கள் தெரியாது. அத்துடன், மற்ற மாநிலங்களும் தாமதித்ததும், திறந்த இடங்களிலும் கடைக்காரர்கள் தாமாகத் தயங்கியதும் அந்த நல்ல விளைவுக்குக் காரணமாக இருந்திருக்கலாம். எல்லாரும் மே 4 அன்றே முழுமையாகத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற சோதனையை நாடு செய்து பார்க்கவில்லை.

அதே ஆண்டின் பிற்பகுதி, எச்சரிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டுத் தனிமையை மீறியதால் ஜூலை இறுதியில் கெடாவில் உணவகம் ஒன்றை மையமாகக் கொண்டு தொற்றுத் திரள் உருவானது. அதிகாரிகள் அதற்குச் சிவகங்கை என்று பெயரிட்டனர். ஊரின் பெயர் நோயின் பெயரானதில் அம்மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட எத்தனையோ குடும்பங்கள் இங்கே கூசிப்போயின. மலேசியாவின் வடமாநிலங்களில் மாமாக் கடைகள் எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவகங்கள் அனைத்தின்மீதும் சில வாரங்கள் சந்தேகப் பார்வை விழுந்தது.

இலையுதிர்ந்தாற்போல் கட்டுப்பாடுகள் போய்விட்டன என்று எண்ணியிருந்தபோது, நவம்பர் 7, சனிக்கிழமையன்று, தீபகற்பத்தின் பெரும்பாலான மாநிலங்களில் நிபந்தனைக் கட்டுப்பாடு மீண்டும் நவம்பர் 9 முதல் நடப்புக்கு வரும் என்ற அறிவிப்பு வந்தது. பினாங்கும் அதில் அடக்கம். தீபாவளி நவம்பர் 14. துணிக்கடைக்காரரும் பலகாரக் கடைக்காரரும் சரக்கு எடுத்து முடித்திருந்த நேரம். மே மாதத்தில் திறப்பதற்கு இரண்டு நாள் அவகாசம் போதவில்லை என்றால், தீபாவளிக்கு ஏழு நாள் முன்னதாக, இரண்டு நாள் அவகாசத்தில் கட்டுப்படுத்துவது அதைவிடக் கொடியது. சட்டப்படி கடைகள் திறந்திருந்தன. மாவட்டம் தாண்டி வாடிக்கையாளர் வரவில்லை. கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் குடும்பமாக வந்து லிட்டில் இந்தியாவில் துணியெடுப்பது வட்டாரத்தின் வழக்கம் என்பதை அறிந்தவர் எவரும் அந்த இழப்பின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். மே மாதத்தில் தன் கடைகளுக்கு அவகாசம் வேண்டும் என்று வாதாடிய மாநில அரசின் குரல் அப்போது அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை என்பது என் மனக்குறை.

எண்களின் ஆட்சி

2021இல் முடிவெடுக்கும் முறையே மாறியது. ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்ட தேசிய மீட்சித் திட்டம் நான்கு கட்டங்களுக்கு எண்களை வாசற்படியாக வைத்தது. அன்றாடத் தொற்று 4,000க்குக் கீழ் இறங்கி, மக்களில் 10 விழுக்காட்டினர் இரண்டு தடுப்பூசியும் போட்டிருந்தால் இரண்டாம் கட்டம். 2,000க்குக் கீழும் 40 விழுக்காடும் என்றால் மூன்றாம் கட்டம். 500க்குக் கீழும் 60 விழுக்காடும் என்றால் நான்காம் கட்டம். தீவிர சிகிச்சைப் பிரிவின் நிலையும் கணக்கில் சேரும். எண் இருந்தால் வாக்குவாதம் இராது என்பது எதிர்பார்ப்பு. ஆனால் ஜூலை தொடக்கத்தில் நாட்டின் அன்றாடத் தொற்று 6,000க்கு மேல் இருந்தபோதே ஐந்து மாநிலங்கள் இரண்டாம் கட்டத்துக்குச் சென்றன. நாட்டுக்கான எண் மாநிலங்களுக்கான அளவீடாக மாறியிருந்தது. பினாங்கு ஜூலை 7 அன்று அவற்றைப் பின்தொடர்ந்தது. கோலாலம்பூரும் சிலாங்கூரும் செப்டம்பர் 10 வரை முதற்கட்டத்திலேயே இருந்தன.

எண்களை நான் குறை சொல்லவில்லை. கணக்கு எழுதுபவன் எண்ணைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எண்ணும் யாரோ ஒருவர் எடுத்த முடிவே. 2020இல் மாவட்டங்களை நிறம் பிரித்தபோது 40 தொற்றுக்கு மேல் இருந்தால் சிவப்பு என்று வைத்தார்கள்; கோலாலம்பூரின் நெரிசலான லெம்பா பந்தாய்க்கும் சிதறி வாழும் உள்நாட்டு மாவட்டத்துக்கும் அதே 40தான்.

பினாங்கு இரண்டாம் கட்டத்துக்குச் சென்றும், அமர்ந்து உண்பதற்கு ஆகஸ்டு 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று முதல் இரண்டு தடுப்பூசியும் போட்டு 14 நாள் கழிந்தவர்களுக்கு மட்டும் அனுமதி. பரிமாறுபவருக்கும் அதே நிபந்தனை. திறக்கும் தேதியைப் பிரதமரோ முதலமைச்சரோ முடிவு செய்த காலம் போய், கடையின் சமையற்காரருக்கு இரண்டாம் ஊசி எந்த நாளில் போடப்பட்டது என்பது முடிவு செய்யும் காலம் வந்தது. லெபோ பசார் அருகே நான் கணக்கு எழுதும் உணவகம் ஒன்றின் இரும்புக் கதவில் அந்த வாரம் கையால் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது: ‘பொட்டலம் மட்டும். உட்கார்ந்து சாப்பிட 19ஆம் தேதி வாருங்கள். மாஸ்டருக்கு அன்றுதான் பதினான்கு நாள்.’